விழுந்தவர் எழுந்ததும் கைதட்டுங்கள்

(நமது சங்கக் கூடத்தில் 2025 நவம்பர் மாத ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை இதே கூடத்தில் டாக்டர் ஒருவர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். அதற்கு முன்பு வக்கீல் ஒருவர் உயில் எழுதுவது பற்றிப் பேசினார். இரண்டுமே நமக்கு வேண்டிய விஷயங்கள். இந்த முறை என்னைக் கூப்பிட்டபோது, 37 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள், நாமினேஷன், 15எச் படிவம், மூத்த குடிமக்கள் டெபாசிட் என்று ஏதாவது பேசுவாள் என்றுதான் செயலாளர் நினைத்திருப்பார். "ஃபிகர் ஸ்கேட்டிங் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "மேடம், அது ஐஸ் மேல ஆடுவாங்களே, அதுவா?" என்றார். அதுவேதான்.

நான் ஐஸ் மேல் கால் வைத்தது கிடையாது. நான் பார்த்த பெரிய ஐஸ், கல்யாண மண்டபத்துக்குச் சாக்கில் சுற்றிக் கொண்டு வருவார்களே, அந்தப் பாளம்தான். ஆனாலும் 27 வருடமாக இந்த விளையாட்டை விடாமல் பார்க்கிறேன். வருகிற பிப்ரவரியில் இத்தாலியில் மிலான் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் வருகிறது. அதற்கு முன்னால் உங்களிடம் இதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஓர் ஐஸ் தளம். ஷூவுக்கு அடியில் சுமார் 4 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அந்தத் தகட்டின் அடிப்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். அதனால் அதற்கு இரண்டு விளிம்பு. எந்த விளிம்பில் சறுக்குகிறோம் என்பதில்தான் இந்த வித்தை முழுவதும் இருக்கிறது. தனிநபர் போட்டி இரண்டு பகுதி. முதலில் 'ஷார்ட் புரோகிராம்', ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம். பிறகு 'ஃப்ரீ ஸ்கேட்', 4 நிமிடம். இரண்டு மார்க்கையும் கூட்டி யார் முதல் என்று சொல்வார்கள். கூட்டல் கணக்கு என்றதுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஜம்ப் ஆறு வகை. ஐந்து வகைக்குப் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கிளம்ப வேண்டும். 'ஆக்சல்' ஒன்றுக்கு மட்டும் முன்னால் பார்த்தபடி கிளம்புவார்கள். எல்லாவற்றிலும் இறங்குவது பின்பக்கமாகத்தான், ஒற்றைக் காலில். அதனால் ஆக்சலில் அரைச் சுற்று கூடுதல். டிரிபிள் ஆக்சல் என்றால் காற்றில் மூன்றரைச் சுற்று. அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. சர்வதேசப் போட்டியில் இதைச் செய்த முதல் பெண் ஜப்பானின் மிடோரி இட்டோ, 1988-ல். ஒலிம்பிக்கில் செய்த முதல் பெண்ணும் அவரே, 1992-ல். இந்த டிரிபிள் ஆக்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

எனக்கு இது பிடித்த கதையைச் சொல்கிறேன். 1998 பிப்ரவரி. வீட்டுக்குக் கேபிள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிராஞ்சிலிருந்து வந்து, ரசத்துக்குப் புளியை ஊறப் போட்டுவிட்டு டி.வி.யைப் போட்டேன். ஜப்பானில் நகானோ ஒலிம்பிக். 'சூரியா' என்று பெயர் சொன்னார்கள். நம்ம ஊர்ப் பெண்ணோ என்று நிமிர்ந்து பார்த்தேன். பிரான்ஸ் நாட்டின் சூரியா போனாலி. குதிகாலுக்கு மேலே தசைநார் அறுந்து, தேறித் திரும்பி வந்தவர். ஆட்டத்துக்கு நடுவில் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டு, ஒற்றைக் காலில் இறங்கினார். அந்தக் கரணம் 1970-களிலிருந்தே போட்டியில் கூடாது என்று தடை செய்யப்பட்ட ஒன்று. மார்க் போகும் என்று தெரிந்தே செய்தார். கடைசியில் 10-வது இடம்.

என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இதென்ன திமிர்!" சர்க்குலரில் கூடாது என்று போட்டிருந்தால் கூடாது. அப்படியே பழகின ஆள் நான். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே இறக்கினார். "எப்படியும் மெடல் இல்லைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும். தன்னால என்ன முடியும்னு ஒரு தடவை காட்டிட்டுப் போறா. இதுல உனக்கு என்ன நஷ்டம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 2024-ல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமே அந்தத் தடையை நீக்கிவிட்டது. இப்போது கரணம் போட்டால் மார்க் குறையாது. அந்தச் செய்தியைப் படித்ததும், "நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்ல நினைத்தேன். கேட்பதற்கு அவர் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது இது. முதலில் என்னை இழுத்தது ஆட்டமா மார்க்கா என்று கேட்டால், மார்க் என்றுதான் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒன்பது நடுவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு மார்க் போடுவார்கள், நுணுக்கத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று. அதிகபட்சம் 6.0. நான் வங்கி டைரியில் கோடு போட்டு, திரையில் மார்க் வருவதற்கு முன்னால் என் மார்க்கை எழுதிவிடுவேன். பிறகு அவர்கள் மார்க்கை எழுதி டிஃபரன்ஸ் பார்ப்பேன். சாயங்காலம் கேஷ் டேலி பண்ணுகிற மாதிரி.

2002-ல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். ஜோடிகள் போட்டி. ரஷ்யாவின் பெரெஷ்னயா, சிகருலிட்சே ஜோடியில் அந்தப் பையன் ஒரு ஜம்ப்பில் இறங்கும்போது தடுமாறினார். கனடாவின் சாலே, பெல்டியே ஜோடி ஒரு பிசகும் இல்லாமல் ஆடியது. ஆனால் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்ய ஜோடிக்கு, நாலு பேர் கனடா ஜோடிக்கு. தங்கம் ரஷ்யாவுக்குப் போயிற்று. அடுத்த நாளே, பிரான்ஸ் நாட்டு நடுவருக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டது என்று பெரிய ரகளை. கடைசியில் கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். ரஷ்ய ஜோடியிடமிருந்தும் வாங்கவில்லை. ஒரே போட்டிக்கு இரண்டு தங்கம்! எங்கள் பிராஞ்சில் ஒரு ரூபாய் இடித்தால்கூட எல்லோரும் உட்கார்ந்து தேடுவோம். இவர்கள் இரண்டு பக்கமும் வரவு வைத்துவிட்டார்கள்.

அந்த ரகளையால் ஒரு நல்லதும் நடந்தது. 6.0 முறையையே எடுத்துவிட்டு, 2004-ல் புது முறைக்கு வந்தார்கள். இப்போது ஒவ்வொரு ஜம்ப்புக்கும் ஒவ்வொரு சுழலுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. அது எவ்வளவு நன்றாக வந்தது என்று நடுவர்கள் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். அதிகபட்ச மார்க் ஒன்று, குறைந்தபட்ச மார்க் ஒன்று, இரண்டையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. கால் சுற்று குறைந்தால்கூட வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். விழுந்தால் அந்த ஜம்ப்பில் குறைப்பதோடு, தனியாக 1 மார்க் கழிப்பார்கள். எல்லாவற்றையும் வரிவரியாக ஒரு ஷீட்டில் போட்டு இணையத்தில் வெளியிடுகிறார்கள். லெட்ஜரோடு குடித்தனம் பண்ணினவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டத்தைப் பார்த்த நேரத்தைவிட ஷீட்டைப் பார்த்த நேரம் அதிகம்.

கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. யாராவது விழுந்தால் "ஐயோ" என்று சொல்வதற்கு முன்னால் "எவ்வளவு போச்சு?" என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில்தான் ஜப்பானின் மாவோ அசாடா என்ற பெண் என் வீட்டு மனுஷி மாதிரி ஆனார். அப்போது அவருக்கு 19 வயது, என் மகளைவிட ஒரு வயது மூத்தவர். ஒரே போட்டியில் மூன்று டிரிபிள் ஆக்சல் செய்தார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் கிடைத்தது வெள்ளி. தென் கொரியாவின் யூனா கிம் 228.56, அசாடா 205.50. எனக்குக் கோபமான கோபம். "மூணு டிரிபிள் ஆக்சலுக்கு வெள்ளியா?" என்று ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தேன். கிம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனால் வருத்தம் இன்னும் கூடியது.

அதே போட்டியில் கனடாவின் ஜோனி ரோஷெட். மகள் ஆடுவதைப் பார்க்க வான்கூவருக்கு வந்த அவருடைய அம்மா, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு மாரடைப்பில் இறந்துபோனார். அந்தப் பெண் வந்து ஆடினார். முடித்ததும் அழுதார். அரங்கமே எழுந்து நின்றது. கடைசியில் வெண்கலம் வாங்கினார். என் டைரியில் அவருடைய வரியை மட்டும் அன்றைக்குக் காலியாக விட்டேன். ஆனால் அந்த ஒரு நாளோடு சரி. பழைய பழக்கம் திரும்ப வந்துவிட்டது.

இனிமேல் சொல்லப்போவதற்கு என் மகளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "சொல்லும்மா, ஆனா நடுவுல அழாதே" என்றாள். பார்க்கலாம்.

2014 பிப்ரவரி. மகள் ஓர் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கொண்டிருந்தாள். சி.ஏ. இன்டர் ரிசல்ட் வந்திருந்தது. மூன்றாவது முயற்சி. அந்தப் பரீட்சையில் ஒவ்வொரு பேப்பரிலும் 40 வர வேண்டும், குரூப் மொத்தத்தில் பாதி வர வேண்டும். எல்லாப் பேப்பரிலும் 40 தாண்டிவிட்டாள். மொத்தத்தில் 7 மார்க் குறைந்துவிட்டது. வீட்டில் யாரும் திட்டவில்லை. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அது இன்னும் மோசம் என்று இப்போது தெரிகிறது.

அந்த மாதம் ரஷ்யாவில் சோச்சி ஒலிம்பிக். 19-ம் தேதி பெண்கள் ஷார்ட் புரோகிராம். அசாடா வரும்போது நமக்கு நடுராத்திரி தாண்டிவிட்டது. நானும் வீட்டுக்காரரும் ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, விட்டு விட்டு வரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். முதல் ஜம்ப்பே டிரிபிள் ஆக்சல். விழுந்தார். அடுத்தடுத்து இரண்டு ஜம்ப்பைச் சேர்த்துச் செய்ய வேண்டியதும் நடக்கவில்லை. மார்க் 55.51. 16-வது இடம். தங்கம் வாங்க வந்த பெண்ணுக்கு 16-வது இடம்!

நாலு வருடம் காத்திருந்த ஆத்திரம் எனக்கு. கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். "இவ எப்பவும் இப்படித்தான். முக்கியமான நேரம் வந்தா கவுத்துடுவா."

உள்ளே எரிந்துகொண்டிருந்த லைட் அணைந்தது. நான் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் கவனித்தார்.

மறுநாள் காலை அவள் டிபன் சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். "ராத்திரி நீ யாரைச் சொன்னே?" என்று அவர் கேட்டார். "அந்த ஜப்பான் பொண்ணைத்தான்" என்றேன். "உள்ளே இருந்தவளுக்கு அது தெரியுமா?" என்றார்.

அன்றைக்குக் கவுண்டரில் நான் எப்படிப் பணம் எண்ணினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் அவள் வந்ததும், "நான் உன்னைச் சொல்லலைடி" என்று ஆரம்பித்தேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "தெரியும்மா. ஆனா எனக்கும் பொருந்துதே" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள், "இன்னைக்கு அந்தப் பொண்ணு ஆடுவாளா?"

"ஆடுவா. ஆனா மெடல் வராது. 16-வது இடத்துல இருந்து ஏற முடியாது."

"அப்புறம் எதுக்கு ஆடறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம்.

அசாடா நீல உடையில் வந்து நடுவில் நின்றார். ரக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ. எனக்கு மேற்கத்திய சங்கீதம் தெரியாது. மணி அடிப்பது மாதிரி ஆரம்பிக்கும், பிறகு அலை மாதிரி ஏறும் என்பது மட்டும் தெரியும். முதல் ஜம்ப் அதே டிரிபிள் ஆக்சல். முந்தின நாள் விழுந்த அதே ஜம்ப். வேறு யாராக இருந்தாலும் சுலபமாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், இழப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே. அவர் கிளம்பினார், சுற்றினார், இறங்கினார். நின்றார். என் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக, மொத்தம் எட்டு டிரிபிள் ஜம்ப். எதிலும் விழவில்லை. கடைசி நிமிடத்தில் காலடி வேலை வரும்போது அரங்கமே தாளம் தட்டிக்கொண்டிருந்தது. இசை நின்றதும் மேலே பார்த்தார். முகம் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. உடனே அழுகையை விழுங்கிவிட்டு, சிரித்து, குனிந்து வணங்கினார்.

142.71. அவர் வாழ்க்கையில் அதுவரை வாங்கியதிலேயே அதிகம். அன்றைய ஃப்ரீ ஸ்கேட்டில் மட்டும் பார்த்தால் மூன்றாவது. மொத்தம் 198.22. 16-வது இடத்திலிருந்து 6-வது இடம். மெடல் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பழக்கம் விடுமா? டைரியை எடுத்தேன். வான்கூவரில் ஷார்ட் புரோகிராமுக்கு அவர் வாங்கியது 73.78. முந்தின நாள் அதே அளவு வாங்கியிருந்தால்? 142.71-ஐயும் 73.78-ஐயும் கூட்டினேன். 216.49. வெண்கலம் வாங்கிய இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னருக்கு 216.73. அப்போதும் 0.24 குறைகிறது! எப்படித் திருப்பிப் போட்டாலும் டேலி ஆகவில்லை.

மகள் டைரியை எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக அதை மூடி வைத்தாள். "கணக்கு அப்புறம் போட்டுக்கலாம்மா. இன்னொரு தடவை போடு, பார்க்கலாம்" என்றாள். அன்றைக்கு அந்த நாலு நிமிடத்தை மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவள், "எதுக்கு ஆடறான்னு கேட்டேன் இல்ல? அவளுக்கு ஆடத் தெரியும். அதனால ஆடறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அடுத்த முயற்சியில் பாஸ் பண்ணினாளா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் இரண்டு தடவை எழுதினாள். ஒரு குரூப் வந்தது, இன்னொன்று வரவில்லை. பிறகு அவளே முடிவு பண்ணி விட்டுவிட்டாள். இப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். நான் சொல்ல வந்தது பாஸான கதை இல்லை. அந்த இரண்டு தடவையும் எங்கள் வீட்டில் ரிசல்ட்டைப் பற்றிப் பேசினோம், சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சோச்சி ஆட்டம் முடிந்த பிறகு ஒரு செய்தி படித்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜப்பானின் முன்னாள் பிரதமர் யோஷிரோ மோரி, டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர், ஒரு கூட்டத்தில் அசாடாவைப் பற்றிப் பேசும்போது, முக்கியமான நேரத்தில் அந்தப் பெண் எப்போதும் விழுந்துவிடுகிறாள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். ஜப்பானில் அவரை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நான் பேசாமல் படித்தேன். அவர் மேடையில் சொன்னார், நான் ஹாலில் சொன்னேன். வித்தியாசம் அவ்வளவுதான். பத்திரிகையாளர்கள் அசாடாவிடமே இதைக் கேட்டார்கள். மனிதர் என்றால் தவறு நேரத்தான் செய்யும், அப்படிச் சொன்னதற்காக அவரே இப்போது கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன், என்கிற மாதிரி பதில் சொன்னார். அப்போது அந்தப் பெண்ணுக்கு 23 வயது. எனக்கு 50 தாண்டியிருந்தது.

அடுத்த மாதமே ஜப்பானில் சைத்தாமா நகரத்தில் உலக சாம்பியன்ஷிப். ஷார்ட் புரோகிராமில் 78.66, அன்றைக்கு அது உலக சாதனை. பட்டத்தையும் வாங்கினார், அவருடைய மூன்றாவது உலகப் பட்டம். முக்கியமான நேரத்தில் விழுகிறவராம்! 2017-ல் ஓய்வு பெற்றார். ஆனால் இன்றைக்கும் ஸ்கேட்டிங் ரசிகர்கள் யாரைக் கேட்டாலும், அவருடைய வெள்ளி மெடலுக்கு முன்னால் அந்த 6-வது இடத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். யூசுரு ஹன்யூ என்று ஒரு பையன், அதே ஜப்பான். 2014, 2018 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 2022 பெய்ஜிங்கில் பத்திரமாக ஆடிவிட்டுப் போயிருக்கலாம். நாலரைச் சுற்று, குவாட் ஆக்சல், அதுவரை உலகத்தில் யாரும் போட்டியில் செய்து முடிக்காத ஜம்ப், அதைத்தான் செய்வேன் என்று வந்தார். விழுந்தார். 4-வது இடம். ஆனால் ஷீட்டில் குவாட் ஆக்சல் என்றே பதிவானது, சுற்று குறைவு என்ற குறிப்போடு. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின் என்ற 17 வயதுப் பையன் அதைச் சரியாகச் செய்து காட்டினார். முதலில் விழுந்தவர் பெயரும் கணக்கில் இருக்கிறது. அதை நான் திருப்தியோடு பார்த்தேன்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறேன்.

ஸ்கேட்டிங் அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் விழுந்தால் ஒரு கணம் "ஓ" என்று சத்தம் வரும். அவர் எழுந்து நின்றதும் அரங்கம் கைதட்டும். எதிரி நாட்டு ரசிகர்களும் தட்டுவார்கள். எழுந்தவருக்கு அடுத்த ஜம்ப்புக்கு ஐந்தாறு விநாடிதான் இருக்கும். அந்த நேரத்துக்குள் அந்தச் சத்தம் அவர் காதில் விழ வேண்டும். அது இரக்கத்தில் தட்டுவது இல்லை. "இன்னும் ஆட்டம் முடியவில்லை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்வது.

போன ஜனவரியில் நம்ம ஆண்டு விழா. ஒரு சின்னப் பெண் ஆடும்போது ஸ்டெப் மறந்து அப்படியே நின்றுவிட்டாள். எந்த வீட்டுக் குழந்தை என்று சொல்ல மாட்டேன். பின் வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிலர் "ச்சு ச்சு" என்றார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் நடுவில் இரண்டு வரி விட்டுவிட்டு, திரும்பப் பிடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். அவள் திரும்பப் பிடித்த அந்த இடத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை. 27 வருடம் பார்த்தவள், எனக்கே தோன்றவில்லை. ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்தது, அவள் நின்ற இடம் மட்டும், கீழே சிரிக்கிற பொம்மை போட்டு. அடுத்த நாள் லிஃப்டில் அவளைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வரும் ஜனவரியில் மறுபடியும் ஆண்டு விழா. எந்தக் குழந்தையாவது நின்றுபோகும், வரியை மறக்கும், மைக்கைக் கீழே போடும். அது நடக்கத்தான் நடக்கும். அப்போது ஒன்று செய்வோம். குழந்தை திரும்ப ஆரம்பிக்கிற அந்த நொடியில் கைதட்டுவோம். முடிந்த பிறகு தட்டுவது வேறு. திரும்ப ஆரம்பிக்கும்போதே தட்ட வேண்டும். வீடியோ போடுகிறவர்கள் முழு ஆட்டத்தையும் போடுங்கள். பரீட்சை ரிசல்ட் வருகிற மாதங்களிலும் இதே மாதிரி செய்யலாம். நம்ம பி பிளாக் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உங்களுக்கே தெரியும். ஹாலில் பேசுவது உள்ளே கேட்கும், பக்கத்து வீட்டிலும் கேட்கும்.

மிலான் போட்டிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள். இத்தாலிக்கும் நமக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். சில நாள் கண் விழிக்க வேண்டிவரும். அதற்குள் பழகிக்கொள்ள வேண்டுமானால், யூடியூபில் ஜூனியர் போட்டிகள் இலவசமாகவே இருக்கின்றன. 14, 15 வயதுப் பிள்ளைகள் நிறைய விழுவார்கள், நிறைய எழுவார்கள். என் வீட்டுக்கு வந்தால் சேர்ந்தே பார்க்கலாம். ஃபில்டர் காபி உண்டு. டைரியும் இருக்கிறது, ஆனால் ஆட்டம் முடியும்வரை அதைத் திறப்பதில்லை.

மகள் சொன்ன மாதிரி அழாமல் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.